பதுவையிலிருந்து பொலோன்யா வரை

அக்டோபர் 14, பதுவை

வெனிஸ் விமான நிலையத்தில் இறங்கியது முதல் தூறல் விடவில்லை. பதுவைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கும் என் அண்ணன் மகள், பேருந்து நிறுத்தத்துக்குக் கையில் ஒரு கம்பளிச் சால்வையோடு வந்திருந்தாள். அவளுடைய அறைக்குள் நுழைந்ததும்தான் அந்தச் சால்வை எதற்கென்று விளங்கியது. வட இத்தாலியின் இப்பகுதியில் அக்டோபர் 15ஆம் தேதிக்கு முன் குடியிருப்புகளில் வெப்பமூட்டியை இயக்க விதி இடம் தருவதில்லையாம். "ஒரே ஒரு ராத்திரிதான் அத்தை, நாளைக்குப் போட்டுடுவாங்க" என்று அவள் ஆறுதல் சொன்னாள். பாளையங்கோட்டை வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்த ஒரு இரவே போதுமானதாக இருந்தது.

பெண்கள் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். நியூட்டனின் விதிகளைக் கரும்பலகையில் எழுதி எழுதியே வயதானவள் என்றும் சொல்லலாம். அதே விதிகளைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பொலோன்யாவில் லாரா பாஸி என்ற பெண் தன் வீட்டிலேயே மாணவர்களுக்குக் கற்பித்தார் என்பதை ஓய்வு பெற்ற பின்னரே படித்தேன். எங்கள் பாடநூல் எதிலும் அவர் பெயர் இருந்ததில்லை. அவருக்கு முன்னோடியாக, பல்கலைக்கழக முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணான எலெனா அப்பட்டத்தைப் பெற்ற ஊர் பதுவை. அங்கேயே அண்ணன் மகளும் படிக்கிறாள் என்பதால் பயணத்துக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

மாலையில் பெத்ரொக்கி காப்பிக் கடைக்குப் போனோம். 1831இல் திறக்கப்பட்ட இக்கடையின் பச்சை அறையில், எதுவும் வாங்காதவர்களும் உட்கார்ந்திருக்கலாம் என்ற வழக்கம் இருந்திருக்கிறது. காசில்லாத மாணவர்கள் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்களாம். நாங்கள் காசு கொடுத்தே புதினா நுரை மிதக்கும் காப்பியைக் குடித்தோம். சர்க்கரை போட்டுக் கலக்கக் கூடாது என்று பரிமாறியவர் மிகுந்த பணிவோடும் அதைவிட மிகுந்த உறுதியோடும் சொன்னார். வேறு கடையில் நின்றபடி குடித்தால் ஒரு காப்பி 1 யூரோ 30 சென்ட்தான். இங்கே அதுபோல் சில மடங்கு.

அக்டோபர் 15, பதுவை

பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமான பலாத்சோ போவை வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க முடியும். முற்றத்துச் சுவர் முழுக்கப் பழைய மாணவர்களின், பேராசிரியர்களின் குலச் சின்னங்கள் இடைவெளியின்றிப் பதிக்கப்பட்டுள்ளன. அந்த முற்றத்தின் படிக்கட்டு ஒன்றின் அடியில்தான் எலெனா லுக்ரேசியா கொர்னாரோ பிஸ்கோபியாவின் பளிங்குச் சிலை நிற்கிறது. குழுவில் பலர் அதைக் கவனியாமலே மேலே ஏறிப் போனார்கள்.

எலெனா 1646இல் வெனிஸில் பிறந்தவர். தந்தை புகழ்பெற்ற கொர்னாரோ குலத்தவர், வெனிஸ் குடியரசின் உயர் பதவியாளர். தாயோ எளிய குடியில் பிறந்தவர். அதனால் பிள்ளைகளுக்குப் பிரபுக்களின் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. மகன்களை அதில் சேர்க்கத் தந்தை பெருந்தொகை கொடுக்க வேண்டியிருந்தது. மகளுக்கு லத்தீன், கிரேக்கம், எபிரேயம் உட்படப் பல மொழிகளைக் கற்பித்து, அவர் பட்டம் பெறுவதில் தந்தை காட்டிய முனைப்புக்குப் பின்னால், குலத்தின் மீது ஒட்டியிருந்த குறையைத் துடைக்கும் ஆசையும் இருந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. எலெனாவின் சொந்த விருப்பம் துறவு. இளம் வயதிலேயே புனித ஆசீர்வாதப்பர் சபையின் நோன்புகளை வீட்டிலிருந்தே கடைப்பிடித்தார்.

அவருக்காக முதலில் கேட்கப்பட்டது இறையியல் பட்டம். பெண் இறையியல் கற்பிப்பதாவது என்று பதுவை ஆயர் கிரெகோரியோ பார்பரிகோ மறுத்துவிட்டார். நீண்ட பேரத்துக்குப் பின் மெய்யியல் என்று முடிவானது. 1678 ஜூன் 25 அன்று, பல்கலைக்கழக மண்டபம் கூட்டத்துக்குப் போதாது என்பதால் தேர்வு பேராலயத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே அவர் அரிஸ்டாட்டிலின் இரு பகுதிகளுக்கு லத்தீனில் விளக்கமளித்தார். மோதிரமும் நூலும் மென்மயிர்த் தோள்போர்வையும் தலைக்கு வாகைக் கிளையும் பெற்று, பல்கலைக்கழக முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் என்று அறியப்பட்டார். அடுத்த ஆண்டே, அங்கே பேராசிரியராக இருந்த ஷார்ல் பத்தேன் தம் மகளுக்கும் அதே வாய்ப்பைக் கேட்டபோது, இனிப் பெண்களுக்கு இடமில்லை என்று நிர்வாகம் கையை விரித்துவிட்டது. இத்தாலியில் இன்னொரு பெண் பட்டம் பெற 54 ஆண்டுகள் ஆயின. ஒருவரை மாலையிட்டு மேடையேற்றி, அவர் பின்னால் கதவைச் சாத்தும் கலையில் பதுவை முன்னோடி.

அடுத்து உடற்கூறு அரங்கம். 1594இல் உடற்கூறியல் பேராசிரியர் ஃபப்ரிசியஸ் காலத்தில் கட்டப்பட்ட இதற்கு ஆறு அடுக்குகள். முட்டை வடிவில் ஒன்றன்மேல் ஒன்றாக உயரும் இவ்வடுக்குகளில் இருக்கையே கிடையாது. ஏறத்தாழ 300 பேர் நின்றபடி பார்த்திருக்கிறார்கள். பார்வையாளர்களை மேலே விடுவதில்லை. கீழே, பிணம் கிடத்தப்பட்ட இடத்தின் நேர் அடியில் நின்று, துளை வழியாக அண்ணாந்து பார்க்கச் சொல்கிறார்கள். இறந்தவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் காட்சி அதுதான் என்று ஒரு ஜெர்மானியர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். இரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி பட்டம் பெற்றது இங்கேதான், 1602இல்.

வெளியே வந்ததும் தெருவில் ஒரே ஆரவாரம். அன்று பட்டம் பெற்ற ஒரு பெண்ணைத் தோழர்கள் சுற்றி நின்று, சிவப்பு நாடா கட்டிய வாகை வளையத்தைத் தலையில் மாட்டி, அவளுடைய கேலிச்சித்திரமும் அந்தரங்கக் கதைகளும் எழுதிய ஆளுயரச் சுவரொட்டி ஒன்றை உரக்க வாசிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். தவறு விட்டால் ஒரு மடக்கு மது. மழைக்கோட்டின் மேல் மாவும் முட்டையும் வழிய, அவள் அசராமல் வாசித்து முடித்தாள். வேடிக்கை பார்த்த பாட்டி ஒருவர் தம் பையிலிருந்து காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் திணித்துவிட்டுப் போனார். எலெனா சூடிய அதே இலைதான். இன்று பூக்கடைகளில் விலைக்குக் கிடைக்கிறது.

இரவு வெப்பமூட்டி வேலை செய்தது. சோளமாவுக் களியும் காளானும் சாப்பிட்டோம்.

அக்டோபர் 16, பதுவை

காலையில் புனித அந்தோணியார் பேராலயம். உவரிக்கு ஆண்டுதோறும் போகிற எங்கள் தெருக்காரர்களுக்காக மெழுகுவர்த்தி வாங்கிக் காணிக்கை செலுத்தினேன். எலெனாவுக்கு அவர் தந்தை இப்பேராலயத்துக்குள் எழுப்பிய பெரிய நினைவுச் சின்னம் 1727இல் பிரித்தெடுக்கப்பட்டது. நேற்று படிக்கட்டடியில் பார்த்த சிலை அதிலிருந்து மிஞ்சியதே.

அங்கிருந்து சற்று நடந்தால் பிராத்தோ தெல்லா வல்லே என்னும் மாபெரும் திடல். நடுவில் நீர்க்கால்வாய், அதன் இரு கரைகளிலும் 78 சிலைகள்: அறிஞர்கள், படைத்தலைவர்கள், கலைஞர்கள், எல்லோரும் ஆண்கள். ஒரு சிற்பியின் காலடியில் மட்டும் கவிஞர் காஸ்பரா ஸ்தாம்பாவின் சிறிய மார்பளவு உருவம் இருக்கிறது. மழையில் குடையைச் சாய்த்துக்கொண்டு தேடித்தான் கண்டுபிடித்தோம். நெப்போலியன் படையினர் உடைத்த சிலைகளால் வெறுமையான பீடங்களில் ஒன்றில் எலெனாவை நிறுத்தலாம் என்று நகர்மன்ற உறுப்பினர்கள் 2021 இறுதியில் முன்மொழிந்தபோது, பழைய திடலின் அமைப்பைக் கலைக்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்து, அது நாடு முழுவதும் பேசப்பட்ட வாதமாயிற்று. எதிர்த்தவர்கள் எல்லோரையும் பெண்களுக்கு எதிரானவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், காலியாகக் கிடக்கும் பீடத்தைவிடப் பழமையின் அழகுக்குப் பொருத்தமானது வேறில்லை என்னும் வாதம் எனக்குச் செரிக்கவில்லை.

திடலின் ஓரத்தில் இருக்கும் சாந்தா ஜுஸ்தீனா பேராலயத்தில்தான் எலெனா 1684இல் அடக்கம் செய்யப்பட்டார். 38 வயது. நாங்கள் போன நேரத்தில் கதவு பூட்டியிருந்தது. மழையோ வலுத்துவிட்டது.

அக்டோபர் 17, ரொவீகோ

இது திட்டத்தில் இல்லாத ஊர். பொலோன்யாவுக்குப் போகும் ரயிலில் காலை எட்டரை மணிவாக்கில் ஏறினோம். வெள்ளிக்கிழமை வேலைநிறுத்தம் என்பது அண்ணன் மகளுக்குத் தெரியும். காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் சில வண்டிகள் கட்டாயம் ஓடும் என்பதும் தெரியும். கிளம்பிவிட்ட வண்டி போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பியிருந்தாள். ரொவீகோ நிலையத்தில் வண்டி நின்றது. ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. எல்லோரும் புலம்பலின்றி எழுந்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நம் ஊரில் இதற்குள் நிலைய அதிகாரியின் அறை நிறைந்திருக்கும்.

மாலை வரை வேறு வண்டி இல்லை. நிலையத்துக்கு எதிரே காப்பிக் கடை நடத்தும் அம்மாள் எங்கள் பெட்டிகளைக் கல்லாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார், பணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு. வெளியே பனிமூட்டம், இருபதடிக்கு அப்பால் மரங்கள் மறைந்திருந்தன.

நகரின் நடுச்சதுக்கத்தில் அக்காதெமியா தெய் கொன்கோர்தி என்னும் கல்விச் சங்கத்தின் கட்டடத்தைக் கண்டதும் எனக்கு ரயில்காரர்கள் மேலிருந்த கோபம் போய்விட்டது. கிறிஸ்தீனா ரொக்காத்தியின் ஊர் அல்லவா இது! 1732இல் இங்கே பிறந்த ரொக்காத்தி, வெளியூர்ப் பெண்ணாகப் பொலோன்யாவுக்குப் போய்த் தங்கிப் படித்து, 1751இல் மெய்யியலில் பட்டம் பெற்றார். மேற்கொண்டு இயற்பியல் படிக்கப் பதுவைக்குப் போனவரைத் தந்தையின் பணச்சீரழிவு 1752இல் ஊருக்கே திருப்பி அழைத்துக்கொண்டது. அதன் பிறகு, இந்தச் சங்கத்தில் 1777 வரை இயற்பியல் உரைகள் நிகழ்த்தினார். 1754இல் சங்கத்தின் தலைமைப் பொறுப்புக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பெரிய நகரத்தில் பெரிய பெயர் எடுத்தவர்களைவிட, குடும்பம் நொடித்து ஊர் திரும்பியும் நியூட்டனைக் கைவிடாமல், சிற்றூர் மக்களுக்கு ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த இந்தப் பெண்ணே எனக்கு நெருக்கமானவர். என்னோடு படித்தவர்களில் நன்றாகப் படித்த இருவர், தந்தை படுத்துவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஆய்வுப் படிப்பை நிறுத்திவிட்டு ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியைகளானார்கள்; அவர்களிடம் படித்த பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

சங்கத்தின் நூலகத்தில் பணியாற்றும் பெண்மணியிடம் அண்ணன் மகள் ரொக்காத்தியின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. இந்தியாவிலிருந்து ஒரு இயற்பியல் ஆசிரியை அவரைத் தெரிந்து வந்திருக்கிறார் என்பதைப் பக்கத்து மேசைக்காரரிடமும் சொன்னார். வெளியே குளிர் என்பதால் வேண்டிய நேரம் வரை உள்ளே உட்கார்ந்திருக்கலாம் என்றார், உட்கார்ந்திருந்தோம்.

மதியம் பூசணிக்காய் ரிசோத்தோ, 11 யூரோ. மேசைக்கென்று தனியே ஆளுக்கு 2 யூரோ. குழாய்த் தண்ணீர் கேட்டால் விசித்திரமாகப் பார்க்கிறார்கள். புட்டித் தண்ணீருக்கும் காசு. மாலை ஆறு மணிக்குப் பின் வந்த வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினோம். எதிரே நின்ற முதியவர் வறுத்த செஸ்நட் கொட்டைகள் இருந்த காகிதக் கூம்பை எங்கள் பக்கம் நீட்டினார். உரித்துத் தின்றபடி பொலோன்யா சேர்ந்தோம்.

அக்டோபர் 18, பொலோன்யா

பொலோன்யாவில் மழை பெய்தால் குடை தேவையில்லை. தூண்களும் வளைவுகளும் கொண்ட மூடிய நடைபாதைகள், நகரம் முழுவதையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர் நீளம். எங்கள் விடுதியிலிருந்து கோர்புஸ் தோமினி தேவாலயம் வரை தலை நனையாமல் போய்ச் சேர்ந்தோம்.

இங்கே கல்லறைகளில் எதிரெதிர்த் துறைகள் அருகருகே உறங்குகின்றன. ஒரு சிற்றறையில், 1463இல் இறந்த புனித கத்தரீனாவின் கருத்த உடல் நாற்காலியில் அமர்ந்த நிலையில் இருக்கிறது. அதே தேவாலயத்தில் தவளைக் கால்களில் மின்சாரத்தைக் கண்ட கல்வானியும், நான் தேடி வந்த லாரா பாஸியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். புனிதரைக் காண வந்த ஒரு முதிய பெண்மணி, நாங்களும் அதற்காகவே வந்தோம் என்று நினைத்துக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவர் மனம் நோகாதபடி முதலில் அங்கே மண்டியிட்டுவிட்டு, பிறகு பாஸியிடம் வந்தோம்.

1711இல் பிறந்த பாஸி, 1732 ஏப்ரல் 17 அன்று நகர அரண்மனையில் 49 கருத்துரைகளை முன்வைத்து வாதாடினார். மே மாதம் வெள்ளியில் செய்த வாகை மகுடத்தோடு பட்டம். அதே ஆண்டு பல்கலைக்கழகத்தில் பதவியும் ஆண்டுக்கு 500 லீரா ஊதியமும். எலெனாவின் கதையிலிருந்து இது பெரிய தாவல். பட்டத்தோடு நிற்காமல் சம்பளமும் வந்ததே! ஆனால் ஆட்சிமன்றம் ஒரு வரியைச் சேர்த்துவிட்டது: பெண் என்பதால், மேலிடம் அழைக்கும் சிறப்பு நாள்களில் மட்டுமே பொதுவில் உரையாற்ற வேண்டும். நகரத்துக்கு வரும் பெரியவர்களுக்குக் காட்ட அவர் வேண்டும், வகுப்பறைக்கு வேண்டாம்.

கார்னிவல் காலத்தில் அர்க்கிஜின்னாசியோ கட்டடத்தில் பிணத்தை அறுத்துக் காட்டி நடக்கும் பொது உடற்கூறு விழாவுக்கு அவர் அழைக்கப்பட்டார். அந்த அரங்கத்தையும் பார்த்தோம்: முழுவதும் மரத்தால் ஆனது, பேராசிரியர் அமரும் பீடத்தின் மேற்கூரையைத் தோலுரிந்த இரண்டு மர மனிதர்கள் தாங்கி நிற்கிறார்கள். 1944 ஜனவரியில் குண்டு விழுந்து தகர்ந்ததை, இடிபாடுகளிலிருந்து பொறுக்கியெடுத்த சிற்பங்களோடு மீண்டும் கட்டியிருக்கிறார்கள். நுழைவுக்கட்டணம் சில யூரோக்கள். கொடுத்த காசு வீணில்லை.

பாஸி கண்ட வழி வீடு. 1738இல் மருத்துவரும் இயற்பியல் ஆர்வலருமான ஜுசெப்பே வெராத்தியை மணந்தார். கன்னிப் பெண் என்ற காட்சிப் பொருளை இழந்த ஊரார் கேலி பேசினார்கள். ஆனால் மணமான பெண்ணின் வீட்டுக்கு ஆண் மாணவர்கள் வருவதில் குற்றம் சொல்ல முடியாது. 1749 முதல் வீட்டிலேயே சோதனை இயற்பியல் வகுப்பு நடத்தினார். பிள்ளைப்பேறுகளுக்கும் இழப்புகளுக்கும் இடையே கருவிகளைச் சேர்த்து, ஒரு ஆய்வகத்தையே அங்கு உருவாக்கினார். உயிரியலாளர் ஸ்பல்லன்சானி அவருடைய உறவினர், மாணவர். திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் ஊதியத்தோடு கூடிய 24 அறிஞர்களின் குழுவை அமைத்தபோது, தனக்கும் இடம் வேண்டும் என்று வாதாடி, 1745இல் 25ஆவது உறுப்பினரானார். மற்றவர்கள் அவருக்கு முழு உரிமை தர முணுமுணுத்தார்கள். கடைசியில், 1776இல், ஏறத்தாழ 65 வயதில், அறிவியல் நிறுவனத்தில் சோதனை இயற்பியலுக்கான பேராசிரியர் பதவி கிடைத்தது. உதவியாளராக நியமிக்கப்பட்டவர் கணவர் வெராத்தி. இரண்டே ஆண்டுகளில் பாஸி இறந்துவிட்டார்.

"அத்தை, வீட்டுக்காரர் அசிஸ்டென்ட்! நம்ம மாமா ஒத்துப்பாரா?" என்று கேட்டாள் அண்ணன் மகள். என் வீட்டுக்காரர் காப்பி போட்டுக் கொடுப்பதுவரை ஒத்துக்கொண்டவர் என்றேன்.

இரவு உணவில் சிறு சிக்கல். பொலோன்யாவின் பெருமையான தொர்தெல்லீனி என்னும் பாஸ்தா இறைச்சி அடைத்தது, கோழி ரசத்தில் மிதப்பது. சைவம் என்று சொன்னதும் பரிமாறியவர், இறைச்சியை எடுத்துவிட்டு ரசம் மட்டும் தரட்டுமா என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். இறுதியில் ரிக்கோத்தாப் பாலாடைக்கட்டி அடைத்து, வெண்ணெயில் சேஜ் இலை பொரித்துப் போட்ட தொர்தெல்லோனி கிடைத்தது. 14 யூரோ, பயணத்தில் சாப்பிட்டவற்றுள் சிறந்தது.

அக்டோபர் 19, பொலோன்யா

வெயில் வந்துவிட்டது. பலாத்சோ போஜ்ஜி அருங்காட்சியகம் திறந்ததும் நுழைந்தோம். பாஸி பேராசிரியரான அறிவியல் நிறுவனம் இயங்கிய கட்டடம் இதுவே.

முதலில் மகப்பேற்று அறை. ஜொவான்னி அந்தோனியோ கல்லி என்ற மருத்துவர் மருத்துவச்சிகளுக்கும் அறுவை மருத்துவர்களுக்கும் தம் வீட்டில் கற்பிக்கப் பயன்படுத்திய களிமண், மெழுகு மாதிரிகள் சுவர் முழுக்க வரிசையாக இருக்கின்றன: தலை கீழாக, குறுக்காக, கை மட்டும் வெளியே நீட்டியபடி, இரட்டையாக, கருப்பைக்குள் குழந்தை கிடக்கக்கூடிய எல்லா நிலைகளும். நடுவில் மகப்பேற்றுப் பொறி. அதில் கண்ணாடியால் ஆன கருப்பை. பயிலுநர் கண்ணைக் கட்டிக்கொண்டு பொம்மைக் குழந்தையை வெளியே எடுக்க வேண்டும். ஆசிரியர் கண்ணாடி வழியாகக் கை போகும் போக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். இம்மாதிரிகளில் சிலவற்றைச் செய்தவர்கள் ஜொவான்னி மன்சொலீனியும் அவர் மனைவி அன்னா மொராந்தியும்.

அன்னா 1714இல் பிறந்தவர், ஓவியமும் சிற்பமும் பயின்றவர். கணவரோடு வீட்டில் பிணங்களை அறுத்து, கண்டதை மெழுகில் வடித்தார். 1755இல் கணவர் இறந்தபின் வறுமை. ஒரு மகனை அனாதை இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை. ஆட்சிமன்றம் ஆண்டுக்கு 300 லீரா அளித்து, வீட்டிலேயே உடற்கூறு கற்பிக்க அனுமதித்தது. வெளிநாட்டு அரசவைகளிலிருந்து அழைப்பு வந்தும் ஊரைவிட்டுப் போகவில்லை. 1769இல் தம் மாதிரிகளையும் கருவிகளையும் ரனூத்சி என்ற ஆட்சிமன்ற உறுப்பினருக்கு விற்று, அவருடைய மாளிகையிலேயே தங்கினார், 1774இல் இறந்தார்.

ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன் நெடுநேரம் நின்றோம். உள்ளே இரண்டு மெழுகுக் கைகள். ஒன்று மென்மையான மெத்தையின் மேல் விரல்களைத் தளரவிட்டு ஓய்ந்திருக்கிறது. மற்றொன்று முள்ளைத் தொட்டுச் சுருங்குகிறது. விரல்கள் மடங்கி, மணிக்கட்டின் நரம்புகள் புடைத்து, நகத்தைச் சுற்றிய தோல்கூட இறுகியிருக்கிறது. தொடுவுணர்வு என்ற பாடத்தை இவ்வளவு சிக்கனமாக நடத்திய ஆசிரியரை நான் கண்டதில்லை.

அடுத்து அவர் தம்மையே வடித்த மெழுகு உருவம். பட்டு உடை, கழுத்தில் முத்து, கையில் அறுவைக் கருவி. எதிரே மண்டையோடு திறந்து மூளை தெரியும் ஒரு மனிதத் தலை. பார்வை நம்மை நேராகச் சந்திக்கிறது. பக்கத்தில் அவர் வடித்த கணவரின் உருவம்: தலை சற்றுத் தாழ்ந்து, முகம் வாடி, கையருகே ஓர் இதயம். மூளையைத் தனக்கு வைத்துக்கொண்டு இதயத்தைக் கணவரிடம் கொடுத்த இந்தப் பங்கீட்டில் குறும்பு இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்து அறையில் சுசீனி செய்த, வயிற்றைத் திறந்து கிடக்கும் அழகிய மெழுகுப் பெண்ணைப் பார்க்கத்தான் கூடியிருந்தார்கள். ஒரு ஆண் கலைஞர் செய்த அந்தப் பெண் மயங்கிக் கிடக்கிறாள். அன்னா செய்த பெண் வேலை செய்துகொண்டிருக்கிறாள்.

முத்துமாலை பற்றி எங்களுக்குள் சண்டை வந்தது. பிணம் அறுக்கும்போது யார் முத்து அணிவார், புரவலர்களுக்காகச் செய்த ஒப்பனை அது, வறுமையை மறைத்திருக்கிறார் என்றாள் அண்ணன் மகள். ஆண் பேராசிரியர்கள் படங்களில் மென்மயிர் அங்கி போட்டுக்கொண்டால் அது பதவி, பெண் முத்து போட்டால் அது ஒப்பனையா என்றேன் நான். "300 லீராவுக்கு ஏது அத்தை முத்து?" என்று அவள் விடவில்லை. மகனை அனாதை இல்லத்தில் விட்டவர் என்பதையும் எடுத்துப் போட்டாள். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. இருந்தும் விட்டுக்கொடுக்க மனமின்றி, ஐந்தே கால் வண்டிக்கு நடைபாதை நெடுக வாதாடிக்கொண்டே நடந்தோம். வேலைநிறுத்தம் எதுவும் இல்லாததால் வண்டி நேரத்துக்கு வந்தது. ரொவீகோவைத் தாண்டும்போது அவள் அலைபேசியில் அந்த மெழுகு உருவத்தின் படத்தைப் பெரிதாக்கி, முத்துகளை எண்ணத் தொடங்கியிருந்தாள்.